வலக்கை ஆல்கஹாலும் இடக்கை ஆல்கஹாலும்

ஆல்டிஹைடினின்றும் ஆல்கஹால் ஆக்குதல் அரிய செயலன்று. சோடியம் போரோஹைட்ரைடு என்னும் வெண்பொடியைக் கொண்டு நம் மாணவரும் அதனை எளிதில் முடித்துவிடுவர். அருமை வேறோரிடத்தில் உளது. ஒரு கரியணுவைச் சூழ நால்வேறு தொகுதிகள் அமையுமாயின், அம்மூலக்கூறு வலக்கையும் இடக்கையும்போல ஈருருவம் கொள்ளும். ஒன்று மற்றொன்றின் ஆடிநிழலே. எனினும் ஒன்றன்மேலொன்று பொருந்தாது. கார்வோன் என்னும் பொருளின் ஓருருவம் புதினா மணமும், மற்றையது கேரவே என்னும் மேனாட்டு விதையின் மணமும் உடையன. மூக்கே இவ்வேற்றுமையை அறியுமாயின், மருந்தில் அஃது எத்துணைப் பெரிதாம்! ஆனால் சாதாரண முறையில் ஆக்குங்கால் இரண்டும் சரிபாதியாகவே விளையும். கொதிநிலையும் ஒன்றாதலின் காய்ச்சி வடித்துப் பிரித்தலும் இயலாது.

இதற்கு நல்வழி கண்டோருள் ஒருவர் அமெரிக்காவில் பர்டியூ சர்வகலாசாலைப் பேராசிரியராயிருந்த ஹெர்பர்ட் பிரௌன். 1936-இல் அவர் பட்டம் பெற்றபொழுது, பின்னர் அவருக்கு மனைவியாரான சாரா அம்மையார், போரான் ஹைட்ரைடுகளைப்பற்றி ஆல்பிரட் ஸ்டாக் இயற்றிய நூலொன்றைப் பரிசளித்தார். கடையிலிருந்த இரசாயன நூல்களுள் விலை குறைந்தது அதுவே என்பது காரணமாம்! 1979-இல் பிரௌன், விட்டிக் என்பாருடன் நோபெல் பரிசு பெற்றார்.

நிற்க. 1983-இல் பிரௌனும் ஜாதவ் என்பவரும் வெளியிட்ட முறையைக் காண்போம். தேவதாரு இனமரங்களின் டர்பென்டைன் தைலத்தில் பைனீன் உளது. அஃது இயல்பாகவே கைவேற்றுமை உடையது. போரானின் இரு கைகளில் பைனீனையும் மூன்றாவதில் அல்லைல் தொகுதியையும் இணைத்தனர். போரான் எலெக்ட்ரான் வறுமையுடையது. ஆல்டிஹைடின் பிராணவாயுவோ ஈயவல்லது. ஆகவே இரண்டும் கூடி, ஆறணுக்கள் கொண்ட வளையமொன்று கணநேரம் தோன்ற, அல்லைல் தொகுதி ஆல்டிஹைடின் கரியணுவைச் சென்று பற்றும். எப்பக்கத்தினின்று பற்றுவது? பருத்த பைனீன்கள் ஒருபக்கத்தை நெருக்கி அடைத்தலால் மற்றப்பக்கமே வழியாகும். சூனியத்திற்குக் கீழ் 78 டிகிரி சென்டிகிரேடு குளிரில் நிகழ்த்தினால், பல ஆல்டிஹைடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் ஓருருவமே விளைகின்றது. பைனீன் இருவகையினும் கிடைத்தலால் வேண்டிய கையைத் தேர்ந்துகொள்ளலாம். புற்றுநோய் அணுக்களை எதிர்க்கும் எப்போதிலோனை 1997-இல் நிக்கோலாவ் குழுவினர் ஆக்கியபொழுதும் இம்முறை பயன்பட்டது.

செய்வோர் அறியவேண்டுவன சில உள. இப்போரான் சேர்மங்கள் காற்றுப்பட்டாற் கெடும். நைட்ரஜன் சூழலிலேயே கையாளவேண்டும். இறுதியிற் காரமும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் சேர்த்துப் போரானை விலக்குங்கால் பைனீனும் ஓர் ஆல்கஹாலாய் உடன் வெளிப்படும். அதனை நீக்குதற்கே பொறுமை மிக வேண்டும்.