மருத்துவக் கல்விக்கு முன்னான ஆண்டுகள்

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிச் சபைகளில் மேல்நிலைக் கல்வியை முடித்த இளைஞர் சிலர் தம் ஆயரிடம் கொண்டுவரும் வினா ஒன்றுண்டு. மருத்துவக் கல்லூரியில் சேருமுன் ஓரிரு ஆண்டுகள் வேற்று நாட்டில் தொண்டு செய்து வரலாமா என்பதே அது. 2022 சனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றபின் இப்படிப்பு இவ்வட்டாரத்தாருக்குச் சற்று அணுக்கமாகிவிட்டது. ஆயினும் நீட் தேர்வை மீண்டும் மீண்டும் எழுதிக் காத்திருப்போரும் உளர். ஆகவே, 'நற்செயல்தானே, போய் வா' என்று எளிதாக விடையளித்துவிட இயலாது.

இதனை ஆராய நமக்கு நன்கு அறிமுகமான ஒருவரின் வாழ்வே உதவும். ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்து, 1890இல் நோயுற்ற தாயாருக்குத் துணையாகத் திண்டிவனம் வந்தார். மிஷனெரியாக வாழும் எண்ணம் அவருக்கு அறவே இல்லை. விரைவில் திரும்பிவிடவே விரும்பினார். தொண்டர் என்னும் பெயர்கூட அவருக்கு அப்போது முழுதும் பொருந்தாது.

ஓரிரவில் மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகாலத்தில் துன்புறும் தம் மனைவியரைக் காக்க அவரை அழைத்தனர். மருத்துவரான அவருடைய தந்தையாரை அவர்கள் ஏற்கவில்லை. ஆண்மகன் பிரசவ அறைக்குள் வருவதை அவர்தம் வழக்கம் தடுத்தது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

பிரசங்க பீடத்தில் இந்நிகழ்ச்சியைச் சாமுவேலின் அழைப்போடு ஒப்பிட்டுவிட்டு நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். நின்று நோக்கவேண்டியது வேறொன்று. அன்றிரவு ஐடா எவருக்கும் உதவவில்லை. தமக்கு மருத்துவம் தெரியாது என்று மறுத்தார், அம்மறுப்பு நேர்மையானது. இரக்கம் ஒன்றையே துணைகொண்டு போயிருந்தால் தீங்கு கூடியிருக்கவும் கூடும். அவர் பின்னர் அமெரிக்கா திரும்பி, 1895இல் பிலடெல்பியாவில் மருத்துவக் கல்வியைத் தொடங்கி, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். 1918இல் அங்கே பெண்களுக்கென மருத்துவப் பள்ளி எழுந்தது. திண்டிவனத்து ஆண்டுகள் அவருக்குத் திறமை எதையும் தரவில்லை. எதற்காகக் கற்கவேண்டும் என்பதைத் தந்தன. அதற்கு விலையாக எதுவும் கேட்காத அம்மூன்று குடும்பங்களுக்கு அதனால் பயன் ஏதுமில்லை என்பதையும் மறைத்தலாகாது.

இவ்வளவில், எத்தகைய தொண்டு தகும் என்பது ஓரளவு விளங்கும். 1961இல் அமெரிக்கா நிறுவிய அமைதிப் படை தன் தொண்டர்களுக்கு உள்ளூர் மொழியைக் கற்பித்து, ஏறத்தாழ ஈராண்டு ஓரிடத்தில் தங்கவைக்கிறது. அத்திட்டத்தைப்பற்றி வேறு குறைகள் கூறலாமெனினும், இவ்வொழுங்கு சரியானதே. மாறாக, சில வாரங்கள் சென்று, பயிலாத கையால் நோயாளிக்கு ஊசியிட்டுப் புகைப்படத்துடன் மீளும் பயணங்களை நாம் ஊழியம் எனச் சொல்லத் துணியோம். உள்நாட்டில் எவரும் அனுமதிக்காததை ஏழை நாட்டு மக்களின் உடலில் செய்துபார்ப்பது எங்ஙனம் தொண்டாகும்?

தூரமும் இன்றியமையாததன்று. பெரம்பலூர் மாணவன் ஒருவனுக்குப் பச்சைமலைச் சிற்றூர்ப் பள்ளியில் ஓராண்டு கற்பிப்பதே போதிய அயல்நாடாகலாம். கடவுச்சீட்டும் வேண்டா, கடனும் வேண்டா.

எங்குச் செல்வதாயினும், செலவை ஏற்போர் யார், அங்குள்ளோர் இவனை அழைத்தனரா, நோயாளியைத் தொடும் வேலை உண்டா என ஆயர் வினவவேண்டும். சோளமும் பருத்தியும் விற்ற பணத்தில் படிக்கவைத்து, பிள்ளை சம்பாதிக்கும் நாளை எண்ணியிருக்கும் தாயாரையும் உடன் அமர்த்திக்கொண்டே இப்பேச்சு நடைபெறல் வேண்டும்.