வேட்டை விளக்கைப் பேணும் முறை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதிக் காடுகளில் ராக்கூன் என்னும் விலங்கை இரவில் நாய்களைக் கொண்டு வேட்டையாடுதல் நெடுநாள் வழக்கமாகும். அங்ஙனம் செல்வோர், இரு கைகளும் ஒழிந்திருக்கும் பொருட்டு விளக்கை நெற்றியில் அணிவர். பையினுள் வைத்த அவ்விளக்கு எவரும் அறியாவண்ணம் எரிந்து தீர்ந்துவிடுமாயின், காட்டின் நடுவே ஒளியிழந்தவன் வழியும் இழப்பான். ஆதலின் இதனைத் தடுக்கும் முறையை அறிதல் நன்று.

மின்விளக்கு பரவுமுன் கார்பைடு விளக்கே வழங்கிற்று. 1892-ஆம் ஆண்டில் வட கரோலினா நாட்டு ஸ்பிரே என்னும் ஊரில் தாமஸ் வில்சன் என்பார் கால்சியம் கார்பைடை மிகுதியாகச் செய்யும் வழியைக் கண்டார். விளக்கின் மேலறை நீர் கீழறைக் கார்பைடின்மேல் சொட்ட, அசிட்டிலீன் வாயு எழுந்து எரியும். நீரை வடித்துக் கார்பைடை அகற்றிவிட்டால் அது தானே எரிய வழியில்லை. இரண்டையும் பிரித்து வைத்தலே அதன் காவல்.

இக்காலத்து விளக்கிலோ மின்கலமும் ஒளிதரும் உறுப்பும் என்றும் இணைந்தே நிற்கின்றன. இடையே நிற்பது ஒரு சிறு பொத்தானே. பையிலுள்ள பிற பொருள்கள் அதனை அழுத்துதல் அரிதன்று. 3.7 வோல்ட், 3 ஆம்பியர்-மணி அளவுள்ள லிதியம்-அயான் கலம் ஒன்றில் ஏறக்குறைய 11 வாட்-மணி ஆற்றல் அடங்கியுள்ளது. மூடிய பையினுள் வெளிப்படும் ஒளியும் துணியில் படிந்து வெப்பமாகவே மாறும். எனவே பேரொளி விளக்காயின், கலம் தீர்வதோடு துணி கருகவும் கூடும்.

இதற்கு வழிகள் மூன்று. முதலாவது, பொத்தானைப் பூட்டுதல். பல விளக்குகளில் அதனைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தாலோ, குறித்த முறை அழுத்தினாலோ பூட்டு விழும். ஆயினும் உள்ளிருக்கும் மின்னணு உறுப்பு சிறிதளவு மின்சாரத்தை உண்டுகொண்டேயிருக்கும்.

இரண்டாவது, திருகுமூடியைக் கால் சுற்றுத் தளர்த்துதல். அலுமினிய மறையின்மேல் ஆக்சைடுப் படலம் ஏற்றப்பட்டிருப்பின், அது மின்சாரத்தைக் கடத்தாது. மூடியின் விளிம்பு உடலை விட்டு விலகியதும் மின்சுற்று அறும். படலமில்லாத மறையில் இம்முறை பலிக்காது. தளர்த்தியபின் பொத்தானை அழுத்திப் பார்த்தல் வேண்டும். எரியாவிடின் சுற்று அறுந்தது என்க.

மூன்றாவது, கலத்தையே வெளியே எடுத்தல். நெடுங்காலம் வைப்பதற்கு இதுவே சிறந்தது. கார உப்பு வகைக் கலங்கள் நாட்பட்டால் கசிந்து, அவற்றிலுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு உள்ளுறுப்புக்களை அரித்துவிடும். அத்தீங்கும் இதனால் நீங்கும். எடுத்த கலங்களைத் திறவுகோல், நாணயம் முதலியவற்றோடு சேர்த்து வைத்தலாகாது. அவ்வுலோகங்கள் இரு முனைகளையும் இணைப்பின் கலம் சூடேறித் தீப்பற்றலாம். தனிப்பெட்டியில், குளிர்ந்த இடத்தில் வைத்தல் முறை. கலத்தை வெளியே எடுக்க இயலாத விளக்குகளுக்கு முதல்வழியே துணை; அவற்றைப் பொத்தான் அழுந்தாத கடினமான உறையில் இட்டு வைத்தல் நலம்.

கார்பைடு விளக்கையும் மின்விளக்கையும் ஒப்புநோக்கின் உண்மை ஒன்றே புலப்படும். ஆற்றலையும் அது செல்லும் வழியையும் பிரித்து வைப்பவனுக்கு, வேண்டிய வேளையில் விளக்கு தவறாது எரியும்.