பழைய கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது லாபமா, செலவா? - விதிகளும் கணக்கும் சொல்வது என்ன?

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கான விண்டேஜ் பதிவு, புதுப்பித்தல் கட்டணம், உதிரி பாகச் செலவு, விற்பனை லாபத்தின் மீதான வரி ஆகியவற்றை விளக்குகிறது இத்தொகுப்பு.

நாச்சாரம் (ஹைதராபாத்): பழைய கார் ஒன்றை வாங்கிச் சீரமைத்துப் பாதுகாக்க வேண்டும் என்ற ஆசை வாகனப் பிரியர்கள் பலருக்கும் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் மதிப்பு உயரும் என்ற நம்பிக்கையும் அந்த ஆசையுடன் சேர்ந்துகொள்கிறது. ஆனால், வாங்கும் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள், அதன் பின்னர் ஆண்டுதோறும் வரும் செலவுகளைக் கணக்கில் கொள்வதில்லை.

விண்டேஜ் பதிவு என்றால் என்ன?

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், பழம்பெரும் வாகனங்களுக்கான தனி விதிகளை 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியிட்டது. இதன்படி, முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாடற்ற இரு சக்கர மற்றும் நான்கு சக்கர வாகனங்கள் 'விண்டேஜ்' வகையில் பதிவு பெறலாம். சேஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது.

புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதிவாகும் வாகனத்தின் எண் பலகையில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். ஏற்கெனவே பதிவான வாகனம் தனது பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

இதில் முக்கியமான நிபந்தனை ஒன்று உள்ளது. விண்டேஜ் பதிவு பெற்ற காரை அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, விண்டேஜ் கார் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகிய காரணங்களுக்காக மட்டுமே சாலைக்குக் கொண்டுவரலாம்.

இருபது முதல் ஐம்பது வயது வரை:

ஐம்பது வயதை எட்டாத கார்களுக்குச் சாதாரணப் பதிவே பொருந்தும். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத அறிவிக்கையின்படி, 20 ஆண்டுகளைக் கடந்த காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 10,000 ரூபாய். இறக்குமதி செய்யப்பட்ட காருக்கு 80,000 ரூபாய். தலைநகர் டெல்லி பிராந்தியத்துக்கு இக்கட்டண உயர்வு பொருந்தாது.

இதனை ஆண்டுக் கணக்கில் பிரித்துப் பார்த்தால், உள்நாட்டுக் காருக்கு இரண்டு வகைப் பதிவிலும் ஆண்டுக்கு 2,000 ரூபாய்தான் ஆகிறது. ஆனால், இறக்குமதி காருக்குச் சாதாரணப் பதிவில் ஆண்டுக்கு 16,000 ரூபாய் ஆகும். எனவே, ஐம்பது வயதைக் கடந்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு விண்டேஜ் பதிவு கட்டணத்தைப் பெருமளவு குறைக்கிறது. அதற்கு ஈடாக, அன்றாடம் ஓட்டும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும்.

சென்னையில் தயாரான ஸ்போர்ட்ஸ் கார் உறவினர்:

பிரிட்டனின் டிரையம்ப் நிறுவனம் 1959-இல் அறிமுகப்படுத்திய 'ஹெரால்டு' காரை, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்ற பெயரில் தயாரித்தது. அதே ஹெரால்டின் சேஸைச் சுருக்கி, அதன் மேல் உருவாக்கப்பட்டதுதான் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட 'டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்' என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கேலோட்டி.

இந்த உறவு, உரிமையாளரின் செலவை நேரடியாகத் தீர்மானிக்கிறது. ஸ்பிட்ஃபயருக்குப் பிரிட்டனில் இன்றும் புதிய உதிரி பாகங்கள் தயாராவதால், அதனுடன் பொதுவான பாகங்களைக் கொண்ட கார்களை உயிர்ப்புடன் வைத்திருக்க இயலும். சிறிய புஷ், பின் போன்றவற்றை நாச்சாரம் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளின் லேத் பட்டறைகளில் கடைந்துகொள்ளவும் முடியும்.

இதற்கு மாறாக, 1998-இல் அறிமுகமான இந்திய ஸ்போர்ட்ஸ் காரான 'சான் ஸ்டார்ம்' குறைந்த எண்ணிக்கையிலேயே தயாரானது. அதன் உடற்கூடு ஃபைபர் கிளாஸால் ஆனது. எஞ்சின் ரெனோ நிறுவனத்துடையது. துருப்பிடிக்காத உடற்கூடு சாதகம் என்றாலும், விளக்கு, கண்ணாடி போன்றவற்றுக்கு மாற்றுப் பாகம் கிடைப்பது அரிது. அரிய கார் என்பதாலேயே பராமரிப்பு எளிதாகிவிடாது.

கவனிக்காவிட்டால் பெருஞ்செலவு:

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் கார்களின் முன்சக்கரத் தாங்கியில் 'டிரன்னியன்' என்ற மரை கொண்ட பாகம் உள்ளது. இதற்கு கிரீஸ் அல்ல, கியர் ஆயில்தான் இட வேண்டும். இதைத் தவறவிட்டால் அதனுடன் இணைந்த இரும்புத் தண்டு அரித்து முறிந்து, ஓடும்போதே சக்கரம் சாய்ந்துவிடும் அபாயம் உண்டு. குறைந்த விலையுள்ள ஆயிலைப் புறக்கணிப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

எரிபொருளும் ஒரு சவால். நாட்டில் 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை முடிவுக்கு வந்தது. அதற்கு முந்தைய இரும்பு ஹெட் கொண்ட எஞ்சின்களில் வால்வு சீட் தேய்மானத்தைத் தடுக்க, கடினப்படுத்தப்பட்ட சீட் பொருத்துவது வழக்கம். தற்போது விற்பனையாகும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்ப்பதுடன் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் கேஸ்கெட்டுகளையும் பாதிக்கும் தன்மை கொண்டது. எனவே, எத்தனாலைத் தாங்கும் குழாய்களுக்கு மாறுவது முதல் செலவுகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

காப்பீட்டிலும் கவனம் தேவை. ஐந்து ஆண்டுகளைக் கடந்த வாகனத்தின் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையாகும். சீரமைப்பு ரசீதுகளும் புகைப்படங்களும் இல்லையெனில் நியாயமான மதிப்பைப் பெறுவது கடினம்.

விற்றால் லாபம் முழுவதும் கைக்கு வருமா?

1983-இல் 20,000 ரூபாய்க்கு வாங்கப்பட்ட 1931-ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு கார் ஒன்று, சில ஆண்டுகளில் 21 லட்சம் ரூபாய்க்கு விற்கப்பட்டது. வாங்கிய விலையைப் போல் 105 மடங்கு! சொந்தப் பயன்பாட்டுப் பொருள் என்பதால் இந்த லாபத்துக்கு வரி இல்லை என உரிமையாளர் வாதிட்டார். ஆனால், சொந்தமாகப் பயன்படுத்தத் தகுந்தது என்பது மட்டும் போதாது, உண்மையில் அவ்வாறு பயன்படுத்தியதற்கு ஆதாரம் வேண்டும் எனக் கூறி, பம்பாய் உயர் நீதிமன்றம் 2025-இல் அவரது வாதத்தை ஏற்க மறுத்தது. அலுவலகம் செல்ல அவர் நிறுவனத்தின் காரையே பயன்படுத்தியதும், பராமரிப்புச் செலவைக் காட்டாததும் அவருக்கு எதிராக அமைந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

இத்தகைய விலை உயர்வு எல்லாக் கார்களுக்கும் வாய்ப்பதில்லை. உதாரணமாக, 5 லட்சம் ரூபாய்க்கு ஒரு காரை வாங்கி, ஆண்டுக்கு 50,000 ரூபாய் செலவிடுவதாகக் கொள்வோம். அந்த 5 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வைத்திருந்தால் பத்தாண்டில் சுமார் 9.84 லட்சம் ஆகியிருக்கும். பராமரிப்புத் தொகை 5 லட்சத்தையும் சேர்த்தால், கார் சுமார் 15 லட்சம் ரூபாய்க்கு விற்றால்தான் நஷ்டமில்லை.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை:

* ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸ், எஞ்சின் எண்கள் வாகனத்தில் உள்ளவற்றுடன் பொருந்துகின்றனவா எனச் சரிபார்க்க வேண்டும்.
* பெயிண்டை விடச் சேஸின் துருவையே முதலில் பார்க்க வேண்டும். எஞ்சின் கோளாறைச் சரிசெய்யலாம். அரித்துப்போன சேஸைச் சீரமைப்பதே அதிகச் செலவு.
* உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்பதை வாங்கும் முன்பே உறுதிசெய்ய வேண்டும்.
* வாங்கும் விலைக்கு அப்பால், முதலாண்டுச் சீரமைப்புக்கெனத் தனித் தொகை ஒதுக்க வேண்டும்.
* ஒவ்வொரு ரசீதையும் பாதுகாக்க வேண்டும். காப்பீட்டுக்கும் வருமான வரிக்கும் அவையே ஆதாரம்.

முதலீடாக மட்டும் நோக்கினால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் நஷ்டக் கணக்கே. அதைத் தாமே பழுது பார்க்கவும் பாதுகாக்கவும் நேரமும் ஆர்வமும் உள்ளவர்களுக்கு, ஆண்டுச் செலவு ஒரு பொழுதுபோக்குக்கான கட்டணமாக அமையும். அந்தக் கட்டணத்தைச் சிரமமின்றிச் செலுத்த முடியுமா என்பதே வாங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாகும்.