மணிகளால் அணிகலன் ஆக்குதல் – ஆரம்ப நிலை



கைப்பணிப் பகுதியில் செலவு குறைந்ததும் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியதுமான ஆக்கங்களுள் ஒன்று மணிகளால் அணிகலன் ஆக்குதல் ஆகும். இதற்கு இயந்திரமோ மின்சாரமோ தேவையில்லை. ஒரு மேசை, நல்ல வெளிச்சம், சிறிதளவு பொறுமை ஆகியன போதுமானவை. எனினும் "மணியை நூலிற் கோத்தால் மாலை" என்று எண்ணி இப்பகுதியை இலேசாக விட்டுவிடக் கூடாது. அளவு, முடிச்சு, வடிவமைப்பு, விலை ஆகிய நான்கையும் காரணத்தோடு விளக்கத் தெரிந்தவரே வினாத்தாளில் முழுப் புள்ளியையும் பெறுவார். அவர் செய்த காப்பே அணிபவரின் கையில் அறாமல் நிலைக்கும்.

1. மணிகளின் பழைமை

மணி அணிதல் மனிதரின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்றாகும். களுத்துறை மாவட்டத்திலுள்ள பாஹியன் குகையில் கடற்சிப்பியாலும் காவிக்கல்லாலும் ஆக்கப்பட்ட மணிகள் கிடைத்துள்ளன. இவை பல்லாயிரம் ஆண்டுகள் பழைமையானவை என 2020 இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள இப்பன்கட்டுவ பெருங்கற்கால ஈமத்தலத்தில் சூதுபவள மணிகள் எடுக்கப்பட்டன. மன்னார் மாவட்டத்தின் பண்டைய துறைமுகமாகிய மாந்தையில் 1980 களில் நடைபெற்ற அகழ்வாய்வில் கண்ணாடி மணிகள் கிடைத்தன. குகை கடற்கரையில் இல்லை. ஆயினும் அங்கு கடற்சிப்பி மணி கிடைத்தது. எனவே மணிகள் அழகுப் பொருள் மட்டுமல்ல, மக்களிடையே இருந்த தொடர்பையும் வாணிபத்தையும் காட்டும் சான்றுகளுமாகும்.

2. தேவையான பொருட்களும் கருவிகளும்

(அ) மணிகள் – கண்ணாடி, பிளாஸ்ரிக், மரம், சிப்பி, விதை எனப் பல வகைப்படும். பழகுவோருக்கு 6 மி.மீ. முதல் 8 மி.மீ. வரை விட்டமுள்ள உருண்டை மணிகள் ஏற்றவை. 2 மி.மீ. அளவிலான பாசிமணிகள் கைப்பழக்கம் வந்த பின்னரே இலகுவாக இருக்கும்.

(ஆ) கோக்கும் இழை – இலாஸ்ரிக் நூல் காப்புக்கு ஏற்றது. விரிந்து கையினூடாகச் செல்வதால் கொளுக்கி தேவையில்லை. தங்கூசி எனப்படும் நைலோன் இழை மாலைக்கு ஏற்றது. ஆனால் நெடுநாள் வெயில் பட்டால் உக்கி ஒடியும். பருத்தி நூல் மென்மையானது. எனினும் மணித்துளையின் விளிம்பில் உராய்ந்து விரைவில் அறுந்துவிடும்.

(இ) இணைப்புகள் – கொளுக்கி, சிறு கம்பி வளையம், தலையுள்ள ஊசிக்கம்பி, தோட்டுக் கொளுக்கி.

(ஈ) கருவிகள் – கத்தரிக்கோல், கூர்மூக்குக் குறடு, அளவுகோல், ஒட்டுப்பசை, ஒட்டுநாடா, மணிகள் உருளாதிருக்க விரிக்கும் தடித்த துணி.

மணி வாங்கும்போது துளையைப் பாருங்கள். துளையின் விளிம்பு கூராக இருந்தால் அது எந்த நூலையும் அறுக்கும். இழை துளையினுள் இலகுவாகச் செல்கிறதா என்பதையும் பார்த்தே வாங்க வேண்டும்.

3. அளவு கணித்தல்

மாணவர் அதிகம் தவறு விடும் இடம் இதுவாகும். மணிக்கட்டின் சுற்றளவு 15 செ.மீ. என்பதால் 15 செ.மீ. நீளத்துக்கு மணி கோத்தால் காப்பு கையை இறுக்கும். காரணம் யாது?

நூல் மணிகளின் நடுவாற் செல்கிறது. கையைத் தொடுவதோ மணிகளின் உட்பக்கமாகும். ஆகவே உள்வட்டத்தின் விட்டம் நூல் வட்டத்தின் விட்டத்திலும் ஒரு மணியின் விட்டத்தால் குறைவானது. விட்டம் குறைந்தால் பரிதியும் குறையும். இக்குறைவை ஈடுசெய்ய மணியின் விட்டத்தை 22/7 ஆற் பெருக்கி மணிக்கட்டின் அளவுடன் கூட்டுதல் வேண்டும்.

உதாரணம் 1: மணிக்கட்டு 150 மி.மீ., மணி 8 மி.மீ.
கூட்ட வேண்டியது = 8 × 22/7 = ஏறத்தாழ 25 மி.மீ.
கோக்கும் நீளம் = 150 + 25 = 175 மி.மீ.
மணிகளின் எண்ணிக்கை = 175 ÷ 8 = ஏறத்தாழ 22

உதாரணம் 2: அதே கை, மணி 4 மி.மீ.
கூட்ட வேண்டியது = 4 × 22/7 = ஏறத்தாழ 13 மி.மீ.
கோக்கும் நீளம் = 150 + 13 = 163 மி.மீ.
மணிகளின் எண்ணிக்கை = 163 ÷ 4 = ஏறத்தாழ 41

மணி பெரிதாகுந்தோறும் காப்பின் நீளமும் கூட வேண்டும் என்பதே இதன் கருத்து. காப்புச் சற்றுத் தளர்வாக வேண்டுமாயின் ஒரு மணியைக் கூட்டிக்கொள்க. கழுத்து மாலைக்கு இத்திருத்தம் அவ்வளவு முக்கியமன்று. மாலை தளர்வாகவே தொங்கும். 45 செ.மீ. மாலைக்கு 6 மி.மீ. மணி 75 தேவை எனக் கணித்தாற் போதுமானது. கொளுக்கி பூட்டுவதாயின் அதன் நீளத்துக்குரிய மணிகளைக் குறைத்துக்கொள்க.

4. வடிவமைத்தல்

கோப்பதற்கு முன் மணிகளைத் துணியின் மேல் வரிசையாக அடுக்கிப் பாருங்கள். பின்வரும் தத்துவங்கள் கவனிக்கத்தக்கவை.

சமச்சீர் – நடுமணியின் இரு பக்கமும் ஒரே ஒழுங்கு அமைதல்.
சந்தம் – இரண்டு நீலம், ஒரு வெள்ளை என ஓர் ஒழுங்கு மீண்டும் மீண்டும் வருதல்.
ஏறுவரிசை – ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மணிகள் படிப்படியாகப் பெரிதாதல்.
முரண் – சிவப்பும் பச்சையும் போன்ற எதிர் வர்ணங்கள் ஒன்றையொன்று எடுத்துக்காட்டல்.

தொடக்கத்தில் இரண்டு அல்லது மூன்று வர்ணங்கள் போதுமானவை. எல்லா வர்ணங்களையும் ஒரே காப்பிற் சேர்த்தால் எதுவும் கண்ணிற் படாது.

5. காப்பு ஆக்கும் படிமுறை

(1) கடதாசிப் பட்டி ஒன்றை மணிக்கட்டைச் சுற்றி வைத்து அளவெடுக்கவும்.

(2) மேலே காட்டியவாறு மணிகளின் எண்ணிக்கையைக் கணிக்கவும். 22 மணியாயின் முகப்பில் 1, இரு பக்கமும் பத்துப் பத்தாக 20, பின்புறத்தில் 1 என அமைக்கலாம். பின்புற மணிக்குச் சற்றுப் பெரிய துளை இருக்க வேண்டும்; முடிச்சு அதற்குள் மறையும்.

(3) 30 செ.மீ. இலாஸ்ரிக் நூலை வெட்டவும். இரு முனையிலும் ஏறத்தாழ 6 செ.மீ. முடிச்சுக்காக மிஞ்சும். குறைவாக வெட்டினால் விரல் பிடிக்க இடமிராது.

(4) நூலை நான்கைந்து தடவை மெதுவாக இழுத்து விடவும். இவ்வாறு செய்யாவிடின் அணியும்போது நூல் நீண்டு மணிகளிடையே இடைவெளி தோன்றும்.

(5) ஒரு முனையில் ஒட்டுநாடாவை ஒட்டி, மறுமுனையால் ஒழுங்குப்படி மணிகளைக் கோக்கவும். பின்புற மணியை இறுதியாகக் கோக்கவும்.

(6) நாடாவை அகற்றி இரு முனைகளையும் சேர்த்து முடிச்சிடவும். முதலில் வலது முனையை இடதின் மேலாகக் கொண்டுவந்து இரண்டு தடவை சுற்றி இழுக்கவும். பின்னர் இடது முனையை வலதின் மேலாகக் கொண்டுவந்து அவ்வாறே சுற்றி இறுக்கவும். ஒரே பக்கமாக இரு தடவையும் கட்டினால் முடிச்சு வழுகும்.

(7) முடிச்சின் மேல் மிகச் சிறிய துளி பசையிட்டு நன்கு உலரவிடவும். மிகுதி நூலை 2 மி.மீ. விட்டு வெட்டி, பின்புற மணியை முடிச்சின் மேலாக நகர்த்தி மறைக்கவும்.

(8) காப்பைச் சில தடவை விரித்துச் சோதிக்கவும். சோதிக்காத ஆக்கத்தை எவருக்கும் கொடுக்கக் கூடாது.

6. தோடு ஆக்குதல்

ஊசிக்கம்பியில் மணிகளைக் கோத்து, மணிக்கு மேலே 1 செ.மீ. கம்பியை விட்டு மிகுதியை வெட்டுக. அக்கம்பியைச் செங்கோணமாக மடித்து, குறட்டின் நுனியால் வளையமாகச் சுற்றித் தோட்டுக் கொளுக்கியில் மாட்டி மூடவும். கம்பி வளையத்தைத் திறக்கும்போது முனைகளை அகல விரிக்காது, ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருப்புதல் வேண்டும். அகல விரித்த வளையம் வட்ட வடிவத்துக்கு மீளாது. அதனாலேயே பல தோடுகள் கழன்று தொலைகின்றன.

7. குறைகளும் காரணங்களும்

நூல் அறுதல் – துளை விளிம்பு கூராயிருத்தல், மெல்லிய நூல்.
முடிச்சு அவிழ்தல் – ஒரே பக்கமாகக் கட்டுதல். பசை உலருமுன் இழுத்தல்.
மணிகளிடையே இடைவெளி – நூலை முன்கூட்டியே இழுத்து விடாமை.
கை இறுகுதல் – மணியின் விட்டத்துக்குரிய அளவைக் கூட்டாமை.
காது கடித்தல் – சில மலிவான உலோகங்களிலுள்ள நிக்கல் தோலுக்கு ஒவ்வாமை. அணிவதை நிறுத்தி வேறு உலோகக் கொளுக்கி மாற்றுக.

8. பாதுகாப்பு – கட்டாயம் கவனிக்க

குன்றிமணி சிவப்பும் கறுப்புமாக அழகாயிருக்கும்; வேலிகளிலும் கிடைக்கும். ஆனால் அதனுள் அப்ரின் எனும் கொடிய நஞ்சு உள்ளது. கடினமான தோல் உடையாதவரை நஞ்சு வெளிவருவது அரிது. நாம் துளையிடும்போது அத்தோலையே உடைக்கிறோம். எனவே குன்றிமணியைத் துளையிட்டு அணிகலன் செய்யவே கூடாது. 2011 ஆம் ஆண்டின் இறுதியில் பிரித்தானியாவில் இவ்விதையாலான கைச்சங்கிலிகள் விற்பனையின் பின் திரும்பப் பெறப்பட்டன. பிள்ளை இவ்விதையை மென்று விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வீட்டில் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருப்பின் மணிகளை மூடியுள்ள போத்தலில் உயரமான இடத்தில் வைக்கவும். ஒரு சிறு மணி மூச்சுக்குழாயை அடைக்கப் போதுமானது. வேலை முடிந்ததும் நிலத்தைத் துணியால் துடைத்து, சிந்திய மணிகளைப் பொறுக்கிய பின்னரே எழுந்திருக்க வேண்டும்.

9. விலை நிர்ணயம்

கணிப்பு முறையை விளங்கிக்கொள்வதற்காகப் பின்வரும் எண்களை எடுத்துக்கொள்வோம். உங்கள் பிரதேச விலைகளை இட்டு நீங்களே கணித்துப் பார்க்கவும்.

110 மணி கொண்ட பக்கற் 330 ரூபா. ஒரு மணி 3 ரூபா. 22 மணி – 66 ரூபா
10 மீற்றர் நூல் 200 ரூபா, 30 செ.மீ. – 6 ரூபா
உறை – 8 ரூபா
பொருட் செலவு – 80 ரூபா
உழைப்பு (ஒரு மணித்தியாலம் 180 ரூபா எனின் 20 நிமிடம்) – 60 ரூபா
மொத்தச் செலவு – 140 ரூபா
இலாபம் 25% – 35 ரூபா
விற்பனை விலை – 175 ரூபா

வீட்டிலிருந்து செய்வோர் பலர் உழைப்பைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. 80 ரூபா பொருளை 100 ரூபாவுக்கு விற்று 20 ரூபா இலாபம் என மகிழ்வர். உண்மையில் அது இலாபமன்று. 20 நிமிட வேலைக்குரிய கூலியில் மூன்றிலொரு பங்கே கிடைத்துள்ளது. கண்ணைச் செலவழித்துக் கோக்கும் அம்மாவினதோ அக்காவினதோ நேரத்துக்கும் விலையுண்டு என்பதை இக்கணக்குக் காட்டுகிறது.

10. மாதிரி வினாவும் விடையும்

வினா: இலாஸ்ரிக் நூலாற் செய்த காப்பொன்று இரு நாட்களில் அறுந்தது. இதற்கான இரு காரணங்களையும் தவிர்க்கும் வழிகளையும் தருக. (4 புள்ளிகள்)

விடை: (i) மணித்துளையின் விளிம்பு கூராயிருந்தமை. வாங்கும்போது துளையைச் சோதித்து, கூரான மணிகளை விலக்குதல். (ii) மணியின் பாரத்துக்கு நூல் மெல்லியதாயிருந்தமை. துளை இடங்கொடுக்கும் அளவுக்குத் தடித்த நூலைத் தெரிதல்.

கவனிக்க: "நூல் தரமற்றது" என்று மாத்திரம் எழுதினால் முழுப் புள்ளி கிடையாது. காரணத்தோடு வழியையும் எழுதுக.

பயிற்சி

1. மணிக்கட்டு 14 செ.மீ., மணி 7 மி.மீ. எனின் தேவையான மணிகள் எத்தனை?
2. தங்கூசி, பருத்தி நூல் ஆகியவற்றை ஒப்பிடுக.
3. சமச்சீர், சந்தம் ஆகிய இரண்டும் அமையுமாறு 22 மணிக் காப்பொன்றை வரைந்து வர்ணந்தீட்டுக.
4. குன்றிமணியை அணிகலனுக்குப் பயன்படுத்தலாகாது. காரணம் தருக.
5. உங்கள் ஊர்க் கடை விலைகளைக் கேட்டறிந்து ஒரு சோடித் தோட்டின் விற்பனை விலையைக் கணிக்க.

(முதலாம் வினாவின் விடை: 140 + 22 = 162; 162 ÷ 7 = ஏறத்தாழ 23 மணிகள்.)

விடைகளை மனனஞ் செய்வதற்கு முன் ஒரு காப்பையேனும் கோத்துப் பாருங்கள். கையாற் செய்த படிமுறை பரீட்சை மண்டபத்தில் தானாக நினைவுக்கு வரும்.