புதிய வசதியா? முதலில் சோதித்துப் பாருங்கள்

செயலியிலோ இணையக் கடையிலோ புதிய வசதி சேர்க்கும்போது, பெரும்பாலும் முதலாளியின் ஊகமே முடிவு செய்கிறது. ஊகம் தவறினால் பணம் வீண்.

2012-இல் மைக்ரோசாஃப்ட்டின் பிங் தேடுபொறியில், விளம்பரத் தலைப்பைக் காட்டும் முறையை மாற்றலாம் என ஊழியர் ஒருவர் யோசனை கூறினார். மேலாளர்கள் அதை முக்கியமாகக் கருதவில்லை. ஆறு மாதங்களுக்கும் மேல் கிடப்பில் கிடந்தது. பின்னர் ஒரு பொறியாளர், சிலருக்குப் பழைய முறையையும் சிலருக்குப் புதிய முறையையும் காட்டி ஒப்பிட்டார். வருமானம் 12 விழுக்காடு உயர்ந்தது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 100 மில்லியன் டாலருக்கு மேல்!

எல்லா யோசனையும் இப்படிப் பலிப்பதில்லை. மைக்ரோசாஃப்ட்டில் சோதித்தவற்றுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே பயன் தந்தது.

சிறு வணிகர்களுக்கும் இது பொருந்தும். பசியாறலுக்கு முன்பதிவு வசதி தர எண்ணமா? செயலிக்குச் செலவழிக்கும் முன், இரண்டு வாரம் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துப் பாருங்கள். வாரத்திற்கு எத்தனை ஆர்டர் வந்தால் தொடர்வது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால், வந்த எண்ணிக்கைக்கு ஏற்ப நம் ஆசை கணக்கை மாற்றிவிடும்.