கறுப்புப் பெட்டியும் ஒரு குட்டி ரேடியோவும்

விமான விபத்து என்றாலே "கறுப்புப் பெட்டி கிடைச்சுதா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்தப் பெட்டியின் கதை ஒரு குட்டி ரேடியோவில் தொடங்குகிறது என்றால் நம்புவீர்களா?

ஆஸ்திரேலியச் சிறுவன் டேவிட் வாரனுக்கு அப்பா கடைசியாகக் கொடுத்த பரிசு, ஒரு கிரிஸ்டல் ரேடியோ. 1934-ல் அந்த அப்பா விமான விபத்தில் இறந்துபோனார். பையனுக்கு ஒன்பது வயது. ரேடியோ மீது வந்த ஆசை மட்டும் அவனை விடவே இல்லை.

விஞ்ஞானியான வாரன், 1950-களில் மெல்போர்னில் ஒரு பதிவுக் கருவியை உருவாக்கினார். விமானிகளின் பேச்சும் கருவிகள் காட்டும் அளவுகளும் மெல்லிய எஃகுக் கம்பியில் பதிவாகும். விமானம் நொறுங்கினாலும் அந்தக் குரல்கள் விசாரணைக்கு மிஞ்ச வேண்டும் என்பதே அவர் எண்ணம். எவ்வளவு பெரிய யோசனை! ஆனாலும் சொந்த நாட்டில் முதலில் வரவேற்பில்லை. பிரிட்டன்காரர்கள்தான் ஆர்வம் காட்டினார்கள்.

பெயரில்தான் கறுப்பு. இடிபாடுகளுக்கு நடுவே சட்டென்று கண்ணில் பட வேண்டுமே, அதனால் பெட்டிக்கு அடிப்பது பளிச்சென்ற ஆரஞ்சு நிறம்.

பின்னாளில், விமானிகளின் பேச்சைப் பதிவுசெய்வதை உலகிலேயே முதலில் கட்டாயமாக்கியது அதே ஆஸ்திரேலியாதான்.