ஆறுகளின் ஆண்டு – 17: ஓப் நதி உறைந்தால் தடாவில் வாத்து இறங்கும்

ஓப் நதி அல்தாய் மலையடியில் பிறந்து ஆர்க்டிக்கை நோக்கி வடக்கே திரும்பியதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் தடா, காளங்கி ஆறு, பழவேற்காடு ஏரி என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஓப் நதியின் பனிக்கட்டிக்கு அடியில் நடக்கும் ஒரு விஷயம் என்னை விடமாட்டேன் என்கிறது.

தண்ணீர் குளிரக் குளிர அதில் ஆக்சிஜன் அதிகம் கரையும். பூஜ்ஜியம் டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் 14.6 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் அதில் பாதிதான், சுமார் 7.6. உப்பு நீரில் இன்னும் குறைவு. இந்தக் கணக்குப்படி பழவேற்காட்டு மீன்தான் மூச்சுக்குத் திணற வேண்டும். சைபீரிய மீனுக்குக் குறையே இருக்கக்கூடாது. ஆனால் நடுக்குளிரில் கூட்டம் கூட்டமாக மூச்சுமுட்டிச் சாவது ஓப் நதியின் மீன்கள்!

அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பருக்குள் ஓப் உறைந்துவிடும். மேற்பகுதியில் ஐந்து மாதம், கடலை நெருங்கும் பகுதியில் ஏழு மாதம் பனிக்கட்டி மூடியிருக்கும். காற்று தண்ணீரைத் தொட வழியே இல்லை. மேலே மழையும் வெள்ளமும் நின்றுபோக, சதுப்பு நிலங்களிலிருந்து கசியும் நீரின் பங்கு ஆற்றில் கூடிவிடும். வஸ்யுகன் சதுப்பு மட்டுமே சுமார் 53,000 சதுர கிலோமீட்டர், கேரளத்தைவிடப் பெரிது. அந்த நீரில் மக்கிய தாவரச் சத்தும் இரும்பும் ஏராளம். இரண்டுமே ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்க்கும். மூச்சற்ற அந்த நீர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கீழே பரவும். ரஷ்யர்கள் இதை 'ஸமோர்' என்கிறார்கள். முக்சூன், நெல்மா போன்ற மீன்கள் அதற்கு முன்னதாகவே கழிமுக வளைகுடாவுக்குப் போய்விடும். சில, ஊற்று சுரக்கும் இடங்களிலும் யூரல் மலையிலிருந்து வரும் சிற்றாறுகளிலும் ஒதுங்கும். ஆறு தன் மீன்களையே விரட்டுகிறது என்பதை என்னால் எளிதில் தாண்டிப்போக முடியவில்லை.

இறால் பண்ணை வைத்திருக்கும் சூளூர்பேட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் பயம் தெரியும். குட்டையில் ஆக்சிஜன் மிகக் குறைவது விடியலுக்குச் சற்று முன்புதான். அந்த நேரத்தில் கரண்ட் போய் ஏரேட்டர் நின்றால் மொத்த வளர்ப்பும் போய்விடும். இங்கே ஓர் இரவுக் கவலை, அங்கே மாதக்கணக்கில்.

இனி வாத்துகள். ஆறும் அதன் வெள்ளச் சமவெளியும் உறைந்தால் ஊசிவால் வாத்துக்கு இரை எட்டாது. அதனால் உறைவதற்கு முன்பே தெற்கே கிளம்பிவிடும். இந்தியாவில் வளையமிட்ட வாத்துகள் சைபீரியாவில் அகப்பட்டிருக்கின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகச் செய்த வேலை அது. அங்கே உறையும் அதே மாதங்களில் இங்கே வடகிழக்குப் பருவமழை. காளங்கியும் சுவர்ணமுகியும் ஆரணியாறும் நன்னீரைக் கொண்டுவந்து பழவேற்காட்டின் உப்பைத் தணிக்கின்றன. சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்தான். தலையைக் கவிழ்த்து இரை தேடும் வாத்துக்கு வேறென்ன வேண்டும்? தடா பக்கத்துப் பீமுனிவாரிபாளையத்துப் படகுத்துறையிலிருந்து இரக்கம் தீவுக்குப் போகிறவர்கள் குளிர்காலத்தில் இவற்றைப் பார்க்கலாம். (பூநாரைகளையும் சைபீரியாவிலிருந்து வருபவை என்று பலர் நினைக்கிறார்கள். அவை பெருமளவில் குஞ்சு பொரிப்பது குஜராத்தின் கட்ச் உவர்வெளியில்.)

மார்ச், ஏப்ரலில் ஏரியின் வடபகுதி வற்றிச் சேறாகும்போது வாத்துகள் திரும்புகின்றன. ஓப் நதியின் மேற்பகுதியில் பனி உடைவது ஏப்ரல் கடைசியில். வடகோடியில் ஜூன் தொடக்கத்தில். தெற்கில் உருகிய வெள்ளம் வடக்கே இன்னும் உறைந்துகிடக்கும் பனியில் முட்டிக் கரைபுரளும். அந்த வெள்ளம் பரவும் புல்வெளிகளில்தான் வாத்துகள் முட்டையிடும்.

இதே ஓப் படுகையின் குனவாத் ஆற்றங்கரையிலிருந்து பரத்பூருக்கு வந்த சைபீரியக் கொக்குகளில் கடைசி ஜோடியை 2002-க்குப் பிறகு அங்கே யாரும் பார்க்கவில்லை. ஊசிவால் வாத்துக்கும் அப்படியொரு ஆண்டு வரக்கூடாது; அதற்குத் தடாவில் தண்ணீர் இருக்க வேண்டும்.

காளங்கிக்கு இந்த வாரமும் இடம் போதவில்லை. மணல் மூடும் முகத்துவாரங்களோடு சேர்த்து அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.